ஆயில் மாற்றவும் எசமான் உத்தரவா?

சென்ற மாதம் ஒருநாள் மாலை, அனுப்பானடியைச் சேர்ந்த ஓர் இளைஞர் மதுரையில் உள்ள நமது அலுவலகத்துக்கு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். சாப்பாட்டுப் பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைப்பவர். வண்டி வாங்கிப் பத்து மாதம் ஆகிறது; தவணை இன்னும் தீரவில்லை. செல்ப் மோட்டார் நின்றுபோய்விட்டது. கிக்கரே வைக்காமல் கம்பெனி விற்ற வண்டி அது. செல்ப் இல்லையென்றால் கிளம்பாது.

வாரண்டி இருக்கிறதே என்ற தைரியத்தில், வண்டி வாங்கிய இடத்து சர்வீஸ் சென்டருக்குப் போயிருக்கிறார். அங்கே வண்டியைத் திறந்து பார்க்கவில்லை. புத்தகத்தைத்தான் திறந்து பார்த்தார்கள்.

"கடைசி அஞ்சு சர்வீஸுக்கு முத்திரை இல்லையே தம்பி. ஆயில் யார் மாத்துனது?"

"நான்தான் சார் மாத்துனேன்."

"அப்ப வாரண்டி போச்சு. செல்ப் மோட்டாருக்கு 2,900 ரூபாய் ஆகும். கட்டுறீங்களா?"

கட்டுவதற்குப் பணம் இல்லை. வண்டி ஓடாத நாளில் வருமானம் இல்லை. நாலு நாள் பிழைப்பு போய்விட்டது. "எஞ்சின் ஆயிலுக்கும் செல்ப் மோட்டாருக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்று அவர் நம்மைக் கேட்டார்.

நியாயமான கேள்வி. செல்ப் மோட்டார் பாட்டரியின் மின்சாரத்தில் சுற்றுகிற தனி மோட்டார். எஞ்சினுக்குள் ஊற்றுகிற ஆயிலை அந்த இளைஞர் மாற்றினாரா, அவருடைய தாத்தா மாற்றினாரா என்பது அதற்குத் தெரியாது. சர்வீஸ் சென்டர்காரருக்கும் இது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சொல்லுகிறார். ஏன் சொல்லுகிறார் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஒரு பில்லின் கதை

இந்த இளைஞர் விளையாட்டுக்காக ஸ்பானரைக் கையில் எடுக்கவில்லை. ஒரு பில் அவரை எடுக்க வைத்தது. அந்தப் பில்லையும் நம்மிடம் காட்டினார். வரிசையாகத் தருகிறோம்: எஞ்சின் ஆயில் 400 ரூபாய், கூலி, வரியுடன் சேர்த்து 472, துணி, கிரீஸ் வகையறா 70, "டீகார்பனைசிங்" என்ற பெயரில் 350, பிரேக் சுத்தம் செய்ததற்கு 150, வண்டி கழுவியதற்கு 100. ஆக மொத்தம் 1,542 ரூபாய்!

இதிலே அவர் கேட்டது எது? ஆயில் மாற்றுவது ஒன்றுதான். டீகார்பனைசிங் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. வேண்டுமா வேண்டாமா என்று யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. ஜாப் கார்டில் கையெழுத்து வாங்கும்போது "வழக்கமான சர்வீஸ்தான் சார்" என்றார்கள். பில் வரும்போது அந்த வழக்கத்துக்கு வால் முளைத்துவிட்டது.

அடுத்த மாதம் அவர் அதே ஆயிலைக் கடையில் 400 ரூபாய்க்கு வாங்கினார். பத்து ரூபாய்க்கு ஒரு வாஷர். வீட்டு வாசலில் உட்கார்ந்து தாமே மாற்றிக்கொண்டார். செலவு 410. மிச்சம் 1,132 ரூபாய்.

சொந்தக் காரியத்துக்கு வண்டி வைத்திருப்பவருக்கு இது பெரிய தொகையாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் இவர் நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறார். அந்த வண்டியின் புத்தகத்தில் 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்லியிருக்கிறது. அதாவது மாதம் ஒருமுறை! வருஷத்துக்குக் கணக்கிட்டால் 13,584 ரூபாய். எல்லா மாதமும் எல்லா வாலையும் சேர்த்துப் போடமாட்டார்கள் என்று வைத்துப் பாதியாகக் குறைத்தாலும் 6,792 ரூபாய். ஒரு வீட்டின் அரிசிச் செலவு அது. ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு அது.

இலவசத்தின் லட்சணம்

"முதல் நாலு சர்வீஸ் இலவசம்" என்று ஷோரூம் வாசலில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். எது இலவசம்? கூலி மட்டும். ஆயிலுக்குக் காசு, வாஷருக்குக் காசு, துடைக்கிற துணிக்கும் காசு. கல்யாண வீட்டுக்கு அழைத்துவிட்டு இலைக்கும் சோற்றுக்கும் பில் கொடுத்தால் அதை விருந்து என்று யாராவது சொல்வார்களா?

இன்னொரு சூட்சுமத்தையும் பாருங்கள். "ஐந்து வருஷ வாரண்டி" என்பது விளம்பரம். பக்கத்திலேயே எறும்பு ஊர்வதுபோலச் சின்ன எழுத்தில், "அல்லது 50,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது" என்று இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் கடைத்தெருவுக்குப் போய் வருகிறவருக்கு ஐந்து வருஷம் கிடைக்கும். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓட்டிப் பிழைக்கிறவருக்கு? பதினேழு மாதத்தில் தீர்ந்துவிடும். இலவச சர்வீஸும் அப்படித்தான். நமது இளைஞருக்கு நாலு மாதத்திலேயே நாலும் முடிந்துவிட்டது.

வண்டியை அதிகமாக ஓட்டுகிறவனுக்குத்தான் பாதுகாப்பு அதிகமாக வேண்டும். அவனுக்குத்தான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது. கிடைக்கிற அந்தக் கொஞ்சத்தையும் ஒரு முத்திரையைக் காட்டிப் பறிக்கிறார்கள். இதற்குப் பெயர் வியாபாரமா, பகற்கொள்ளையா?

வாரண்டிப் பூச்சாண்டி

"வெளியே கைவைத்தால் வாரண்டி போய்விடும்" என்பது இந்த நாட்டில் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் பயமுறுத்துகிற பூச்சாண்டி. வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு வழக்கைச் சொல்லுகிறோம்.

2011ஆம் வருஷம் ஒரு சாதாரண வாடிக்கையாளர், மூன்று கார் கம்பெனிகள் மீது இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். உதிரிபாகத்தை வெளிச் சந்தையில் விற்பதில்லை, பழுதுபார்க்கும் விவரங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுப்பதில்லை, அதனால் தங்களிடமே வந்து சொன்ன விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் புகார். விசாரணை தொடங்கியது. தோண்டத் தோண்டப் பூதம் கிளம்பிற்று. மூன்று கம்பெனியோடு நிற்கவில்லை. கார்த் தொழில் முழுவதும் இதே கதை என்று வெளிப்பட்டது.

2014 ஆகஸ்ட் 25ந் தேதி ஆணையம் உத்தரவு போட்டது. 14 கார் கம்பெனிகள் குற்றவாளிகள் என்று தீர்மானித்து, அவற்றின் சராசரி விற்றுமுதலில் 2 சதம் வீதம் மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. டாட்டா மோட்டார்ஸுக்கு மட்டும் 1,346.46 கோடி, மாருதி சுசூகிக்கு 471.14 கோடி. இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஹூண்டாய் கம்பெனிக்கு 2015 ஜூலையில் தனி உத்தரவில் 420 கோடிக்கு மேல் அபராதம் வந்தது.

ஆணையம் கண்டுபிடித்தது என்ன? கார் கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுக்கும் தொழிற்சாலைகள் அதே பாகத்தை நேரே கடைகளுக்கு விற்க முடியாதபடி ஒப்பந்தத்தால் கட்டிப் போட்டிருந்தார்கள். பழுதுபார்க்கும் கையேடுகளையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் பூட்டி வைத்திருந்தார்கள். காரை வாங்கும்வரை வாடிக்கையாளர் ராஜா. வாங்கிய மறுநாளிலிருந்து அவர் சிறைக்கைதி! கையேட்டையும் கருவியையும் பூட்டி வைத்ததற்கு ஜனங்களின் பாதுகாப்பையும் தங்கள் அறிவுச் சொத்துரிமையையும் கம்பெனிகள் காரணம் காட்டின. ஆணையம் அதை ஏற்கவில்லை.

வாரண்டியைப் பற்றியும் ஆணையம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வெளியே சர்வீஸ் செய்தார் என்பதற்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. வெளியார் செய்த தவறான வேலையால் சேதம் ஏற்பட்டிருந்தால், அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம். அதாவது, ஆயிலைத் தப்பாக ஊற்றி எஞ்சின் கெட்டால் எஞ்சினுக்கு வாரண்டி இல்லை என்று சொல். அதற்கு ஆதாரத்தையும் காட்டு. செல்ப் மோட்டாருக்கு வாரண்டி இல்லை என்று சொல்லாதே!

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டு கோர்ட்டாக ஏறின. ஆயினும் 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், தன் முன் வந்த கம்பெனிகளின் வழக்கில் அபராதத்தைக் கணக்கிடும் முறையைத் தளர்த்தியதே தவிர, செய்தது குற்றம் என்ற முடிவை மாற்றவில்லை.

அந்த உத்தரவு கார் கம்பெனிகள் சம்பந்தப்பட்டது. இரு சக்கர வண்டிக் கம்பெனிகள் அதிலே கட்சிக்காரர்கள் அல்ல. அது உண்மைதான். ஆனால் சக்கரத்தை எண்ணிப் பார்த்தா நியாயம் மாறும்? பத்து லட்ச ரூபாய் காருக்கு உண்டான உரிமை, தவணையில் வாங்கிய ஸ்கூட்டருக்குக் கிடையாதா?

முதலாளித்துவத்தின் தாய்வீடான அமெரிக்காவிலேயே 1975ல் மேக்னஸன்-மாஸ் வாரண்டிச் சட்டம் வந்தது. எங்கள் பாகத்தைத்தான் போட வேண்டும், எங்களிடம்தான் சர்வீஸ் செய்ய வேண்டும் என்று காசு வாங்கிக்கொண்டு வாரண்டியைக் கட்டிப்போடக் கூடாது. அப்படிக் கட்டாயப்படுத்தினால் அதை இலவசமாகச் செய்து கொடுக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் சாரம். அங்கே ஐம்பது வருஷத்துக்கு முன் வந்த சட்டத்தை இங்கே கேட்டால் என்ன தவறு?

இங்கே சர்க்கார் என்ன செய்தது? 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு கமிட்டி போட்டது. விவசாயக் கருவிகள், கைபேசி, வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நாலு துறைகளைக் குறித்தது. அதே வருஷம் டிசம்பர் 24ந் தேதி ஓர் இணையதளத்தைத் திறந்து வைத்தார்கள். நல்லது. ஆனால் தளம் வேறு, சட்டம் வேறு. தளத்தைக் காட்டினால் சர்வீஸ் சென்டர்காரர் செல்ப் மோட்டாரை மாட்டிக் கொடுப்பாரா?

இதிலே என்ன மாயமந்திரம்?

ஆயில் மாற்றுவது என்னவோ டாக்டர்கள் செய்கிற ஆபரேஷன் போல ஒரு பிரமையை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வேலைதான் என்ன? பாமர ஜனங்களும் தெரிந்துகொள்ளட்டும்.

எஞ்சினுக்குள் இரும்போடு இரும்பு உரசாமல் நடுவில் படலமாக நிற்பது ஆயில். சூட்டைக் கடத்துவதும், கரியையும் நுண்ணிய இரும்புத் தூளையும் சுமந்து வருவதும் அதுதான். சுமந்து சுமந்து கறுத்து, சூட்டில் வீரியம் இழந்த பிறகு அதை இறக்கிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். அவ்வளவுதான்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினைச் சில நிமிஷம் ஓடவிட்டு அணைக்க வேண்டும். வெதுவெதுப்பான ஆயில் சுலபமாக இறங்கும். அடியிலே ஒரு தட்டை வைத்து, டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் பழைய ஆயில் வடிந்துவிடும். போல்ட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு, மரை கெடாதபடி அளவாக முறுக்க வேண்டும். புத்தகத்தில் சொன்ன அளவு புது ஆயிலை ஊற்ற வேண்டும். ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து, அளவுக் குச்சியில் மட்டம் பார்க்க வேண்டும். ஸ்கூட்டருக்கு இது அரைமணி நேர வேலை.

கவனிக்க வேண்டியதும் உண்டு. கியர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் கிளட்ச் அதே ஆயிலில்தான் நனைந்து கிடக்கிறது. அதிலே கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே தனியாக இருக்கிறது. அதனால்தான் டப்பாவின் மேல் ஜாஸோ எம்.ஏ., எம்.பி. என்று தனித்தனி முத்திரை போட்டிருக்கிறார்கள். 10டபிள்யூ-30 என்பதுபோல இருக்கும் எண், ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிப்பது. புத்தகத்தில் உள்ளதையும் டப்பாவில் உள்ளதையும் ஒத்துப் பார்த்து வாங்க வேண்டும். எழுத்தறிந்த எவருக்கும் இது எட்டாத ரகசியமா?

நம் நாட்டில் இது புதிய வித்தையும் அல்ல. ஆயில் எஞ்சின் வைத்து இறைத்த விவசாயி தாமே ஆயில் மாற்றினார். லாரிக் கிளீனராகச் சேர்ந்த பையன் முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான். இந்தத் தமிழ்நாட்டில் கையிலே கிரீஸ் படாமல் டிரைவர் ஆனவர் அன்று யார்? அந்தக் கைகளை இன்று "தகுதி இல்லாத கை" என்கிறார்கள்!

கூப்பாடுகளும் பதில்களும்

"பாதுகாப்பு என்ன ஆவது?" என்று கம்பெனிகள் கூப்பாடு போடுகின்றன. பாதுகாப்பில் நமக்கு அவர்களைவிட அக்கறை அதிகம். வண்டியின் மேல் உட்கார்ந்து போகிறவர்கள் நாம்தான். காற்றுப்பை, ஏ.பி.எஸ். பிரேக், எலக்ட்ரானிக் பெட்டி ஆகியவற்றில் பயிற்சி இல்லாதவர் கைவைக்கக் கூடாது என்பதை நாமும் சொல்லுகிறோம். கம்பெனியே குறை கண்டு வண்டியைத் திரும்ப அழைத்தால் கட்டாயம் போக வேண்டும். ஆனால் டிரெயின் போல்ட்டுக்கும் காற்றுப்பைக்கும் என்ன உறவு? கஷ்டமான வேலையைக் காட்டிச் சுலபமான வேலைக்கும் பூட்டுப் போடுவது பாதுகாப்பல்ல; ஏகபோகம்.

"கடையில் வாங்கினால் டூப்ளிகேட் ஆயில்" என்கிறார்கள். போலி ஆயில் இருக்கிறது, மறுக்கவில்லை. பழைய டப்பாவில் கண்டதை ஊற்றி விற்கும் கும்பல்கள் இருக்கின்றன. அவர்களைப் பிடிப்பது போலீசின் வேலை. அதற்காக ஜனங்களை சர்வீஸ் சென்டரில் அடைப்பது பரிகாரமாகாது. தெரிந்த கடையிலோ பெட்ரோல் பங்கிலோ பில்லோடு வாங்குங்கள். சீல் உடையாமல் இருக்கிறதா பாருங்கள். ஊற்றிய பிறகு காலி டப்பாவைக் கிழித்துப் போடுங்கள். போலிக்காரனுக்கு டப்பா கிடைக்காது. "எங்கள் ஜெனியூன் ஆயில்" என்று மார்தட்டும் வண்டிக் கம்பெனிகளும் தாமாக ஆயில் வடிப்பதில்லை. எண்ணெய்க் கம்பெனிகள் கலந்து கொடுப்பதில் தங்கள் பெயரை ஒட்டி விற்கின்றன.

மூன்றாவதாக, "வீட்டில் மாற்றுகிறவர்கள் கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுகிறார்கள்" என்கிறார்கள். இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. நம் ஊரில் சாக்கடையில் ஊற்றினால் அது கிருதுமால் நதியில் சேரும், வைகையில் சேரும். ஒரு வண்டியிலிருந்து இறக்கிய ஆயில் ஏராளமான நல்ல நீரைக் கெடுக்கும். தானே மாற்றும் உரிமை கேட்கிறவர், கழிவைப் பத்திரமாகச் சேர்க்கும் கடமையையும் ஏற்க வேண்டும். ஒரு கேனில் பிடித்து வைத்து, கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுங்கள். ஆனால் கம்பெனிகளுக்கும் சர்க்காருக்கும் கடமை இல்லையா? ஆயில் தயாரித்து விற்கிறவர்களே கழிவு ஆயிலின் மறுசுழற்சிக்கும் பொறுப்பு என்ற விதியை 2023ல் மத்திய சர்க்கார் வெளியிட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் அமலுக்குக் கொண்டு வந்தது. புது ஆயில் விற்கும் ஒவ்வொரு பங்கிலும் பழைய ஆயிலை வாங்க ஒரு பீப்பாய் வைத்தால் என்ன கெட்டுவிடும்?

நீலச் சட்டைக்காரர் நம் எதிரியா?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறோம். சர்வீஸ் சென்டரில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் கிடக்கும் தொழிலாளி நமக்கு எதிரி அல்ல. நம்மிடம் வாங்கிய 472 ரூபாய்க் கூலி அவர் கைக்குப் போகவில்லை. பயிற்சி என்ற பெயரில் வருஷக்கணக்கில் குறைந்த சம்பளத்தில் உழைக்கும் பையன்கள் அங்கே இருக்கிறார்கள். மேஜையில் உட்கார்ந்து பில் போடுகிறவருக்கும் மாதம் இத்தனை "டீகார்பனைசிங்" விற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். விற்காவிட்டால் திட்டு விழும். முதலாளி அவருடைய வேலையைப் பணயமாக வைத்து நம்முடைய பையைத் தடவுகிறான். இருவரையும் மோதவிட்டு நடுவில் அவன் லாபத்தை எண்ணுகிறான்.

அதேபோல், கீழவாசலிலும் சிம்மக்கல்லிலும் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கையும் நினைத்துப் பாருங்கள். எல்லாருக்கும் தாமே ஆயில் மாற்ற நேரமோ வசதியோ இருக்காது. வயதானவர்கள் இருக்கிறார்கள், மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நூறு ரூபாய் கூலி கொடுத்து நம்பிக்கையோடு போகக்கூடிய இடம் அந்தப் பட்டறை. வாரண்டிப் பூச்சாண்டி முதலில் அடிப்பது அந்த மெக்கானிக்கின் வயிற்றில்தான். கையேடு கொடுக்கமாட்டோம், கருவி கொடுக்கமாட்டோம் என்று பூட்டி வைத்துவிட்டு, "அவருக்குப் புது வண்டி தெரியாது" என்று கேலி செய்கிறார்கள். கண்ணைக் கட்டிவிட்டுக் குருடன் என்று சிரிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே இது வண்டி வைத்திருப்பவரின் காசுப் பிரச்னை மட்டும் அல்ல. தெரிந்த வேலையைச் செய்ய ஒருவனுக்கு உரிமை உண்டா, தெரியாததைக் கற்றுக்கொள்ள வழி உண்டா என்ற பிரச்னை. விலை கொடுத்து வாங்கிய பிறகும் பொருள் விற்றவனுக்கே சொந்தமா என்ற பிரச்னை.

என்ன செய்ய வேண்டும்?

வாசகர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். வாரண்டி உள்ள வண்டியை அவசரப்பட்டு முறைத்துக்கொள்ள வேண்டாம். கூலி இல்லாத சர்வீஸ்களை விடாமல் செய்துகொள்ளுங்கள். ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன் என்ன வேலை, என்ன விலை என்று எழுதச் சொல்லுங்கள். கேட்காத வேலைக்குக் காசு கொடுக்க மறுத்துவிடுங்கள். தாமே மாற்றுகிறவர்கள் ஆயில் வாங்கிய பில்லையும், தேதியையும், கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வாரண்டி இல்லை என்று சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை.

மத்திய, மாநில சர்க்கார்களிடம் நாம் கேட்பது:

1. வெளியே சர்வீஸ் செய்ததற்காக வாரண்டியை ரத்து செய்வதை எல்லா வாகனங்களுக்கும் சட்டத்தால் தடை செய்ய வேண்டும். சேதத்துக்கு வெளி வேலைதான் காரணம் என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது.

2. பழுதுபார்க்கும் கையேடுகளைத் தமிழ் முதலிய மொழிகளில் வெளியிட வேண்டும். உதிரிபாகமும் கருவியும் எல்லாப் பட்டறைகளுக்கும் நியாய விலையில் கிடைக்க வேண்டும்.

3. ஆயிலுக்குக் காசு வாங்கிக்கொண்டு "இலவச சர்வீஸ்" என்று விளம்பரம் செய்வதை நிறுத்த வேண்டும். கிலோமீட்டர் வரம்பையும் வருஷத்தைப் போடுகிற அதே பெரிய எழுத்தில் போட வேண்டும்.

4. சர்வீஸ் சென்டர் தொழிலாளர்களை விற்பனை இலக்கு வைத்து வாட்டுவதை ஒழிக்க வேண்டும். சாலையோர மெக்கானிக்குகள் அனைவரையும் நல வாரியத்தில் சேர்த்து, புதிய வண்டிகளில் சர்க்கார் செலவில் பயிற்சி கொடுக்க வேண்டும்.

5. ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் கழிவு ஆயில் வாங்கும் ஏற்பாடு வேண்டும்.

அனுப்பானடி இளைஞரின் கதையைச் சொல்லி முடிக்கிறோம். மறுநாள் காலையில் நாமும், அவரோடு ஓட்டும் ஏழெட்டுப் பேரும் அந்த சர்வீஸ் சென்டருக்குப் போனோம். சத்தம் போடவில்லை. அவர் எழுதி வைத்திருந்த நோட்டையும், ஐந்து மாத ஆயில் பில்களையும் மேஜைமேல் வைத்தோம். "ஆயில் மாற்றியதால் செல்ப் மோட்டார் கெட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், போய்விடுகிறோம்" என்றோம். எழுதவில்லை. உள்ளே போனார்கள்; டெலிபோன் பேசினார்கள்; வெளியே வந்தார்கள். இரண்டு நாள் கழித்து வாரண்டியிலேயே மோட்டாரை மாற்றிக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது, "உங்களுக்காக ஒரு சலுகையா செஞ்சிருக்கோம் சார்" என்று சொன்னார்கள்.

சலுகையா? இல்லை. அது அவருடைய உரிமை. தனியாகப் போனபோது 2,900 ரூபாய் கேட்ட இடத்தில், எட்டுப் பேர் சேர்ந்து போனபோது ஒரு காசும் கேட்கவில்லை. சட்டம் வந்து எல்லாரையும் காக்கும்வரை, நோட்டில் கணக்கு எழுதுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள், தனியாகப் போகாதீர்கள்!